கேமராப் பையைத் திறக்காத நாள்

ஆவணப்படங்களுக்குக் கேமரா பிடிப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் நடவுப் பாட்டு பாடும் ஒரு பாட்டியைத் தேடிப் போனோம். லைட்டைப் போட்டு, சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தி, "பாடுங்க பாட்டி" என்றோம். இரண்டு வரி பாடிவிட்டு "மறந்துபோச்சு சாமி" என்றார். நாங்கள் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அதே பாட்டை முழுசாகப் பாடிக்கொண்டிருந்தார். மைக் எல்லாம் பைக்குள் போயிருந்தது.

அப்புறம்தான் ஆலனிஸ் ஒபோம்சாவின் என்ற கனடா ஆவணப்பட இயக்குநர் எப்படி வேலை செய்கிறார் என்று தெரிந்துகொண்டேன். 1932இல் பிறந்த அபெனாகி பழங்குடிப் பெண், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒடனாக் என்ற ஊரில் வளர்ந்தவர். அம்மா வழி உறவினர் ஒருவர் சின்ன வயதிலேயே கதையும் பாட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒன்பது வயதில் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே இவர்களுடையது மட்டும்தான் பழங்குடிக் குடும்பம், பள்ளியில் அடியும் ஏச்சும். அவரைத் தாங்கிப் பிடித்தவை அந்தப் பாட்டும் கதையும்தான் என்றே நினைக்கிறேன். 1960இல் நியூயார்க்கில் டவுன் ஹால் என்ற கச்சேரி அரங்கில் பாடினார். 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்குப் போனார். பாட்டுக்காரராக இருந்ததால்தான் அவருக்குக் காது முதலில் வருகிறது. யாரைப் பற்றிப் படம் எடுத்தாலும் முதலில் ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து கேட்பார், கேமரா பிறகுதான். 1971இல் வந்த முதல் படத்தில் உறைவிடப் பள்ளிக் குழந்தைகள் கிரேயானில் வரைந்த படங்கள்தான் திரையில், கூடவே அவர்கள் குரல்.

1990இல் கியூபெக்கில் ஓகா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க மோஹாக் பழங்குடி மக்களின் பைன் காட்டையும் இடுகாட்டை ஒட்டிய நிலத்தையும் கேட்டார்கள். மக்கள் தடுப்பு போட்டார்கள், ராணுவம் வந்தது, 78 நாள் இழுத்தது. அப்போது ஒபோம்சாவினுக்கு வயது 58. முள்கம்பிக்கு உள்ளே, அந்த மக்களோடு இருந்து எடுத்தார். வெளியே நின்று எடுத்தவர்களுக்கு முகமூடியும் துப்பாக்கியும் கிடைத்தன, அவருக்கு மனிதர்கள் பேசினது கிடைத்தது.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் கேமராப் பை வண்டியிலேயே இருக்கும். தயாரிப்பாளர்கள் ஒரு நாள் கூலி வீண் என்று கோபப்படுகிறார்கள், சரி, அந்த நாளுக்கு நான் கூலி கேட்பதில்லை. வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுச் சின்ன ரெக்கார்டரைத் திண்ணையில் வைப்பேன். பேச்சு அரிசி விலையில் ஆரம்பிக்கும், மருமகள் வருவாள், டீ வரும். அந்தப் பாட்டி வீட்டுக்கும் திரும்பப் போனேன். அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.