குசினி மேசையில் முதலாம் வகுப்பு

இலங்கையின் களுவாஞ்சிகுடியிலிருந்து கனடாவுக்கு வந்த அடுத்த வருடமே, 2020 செப்டம்பரில், மகனுக்கு முதலாம் வகுப்பு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, ஒன்லைனில் படிப்பிப்பதா என்று ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தக் கொரோனா வருடம் பெற்றோரிடமே கேட்டார்கள். வீட்டில் மாமிக்கு நெஞ்சு வருத்தம். அதனால் ஒன்லைன் என்று எழுதிக் கொடுத்தோம். அதுவும் அரசாங்கப் படிப்புத்தான். காசு கட்டத் தேவையில்லை, லாப்டொப்பையும் இரவல் தந்தார்கள்.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியரோடு நேரடி வகுப்பு நாளுக்கு 225 நிமிடமாவது நடக்க வேண்டும் என்பது அந்த வருட மாகாண விதி. ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் தனியே இருக்காது. மைக்கைத் திறக்க, பக்கத்தைத் தேட, அழுதால் தூக்க ஒரு பெரிய ஆள் வேண்டும். நான் இரவு வேலைக்கு மாறினேன். நித்திரை போனது. ஆனால் பக்கத்தில் இருந்ததால்தான் இந்த நாட்டுப் படிப்பு எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் எட்டும் ஐந்தும் எத்தனை என்று கணக்கு. மகன் பதின்மூன்று என்றான். டீச்சர் விடமாட்டா, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டா. அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சாடிக் கொட்டைகளைக் கமராவுக்கு முன்னால் பரப்பி, எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைத் தள்ளிக் காட்டினான். இன்னொரு பிள்ளை விரலில் எண்ணியது. இரண்டையும் டீச்சர் ஒரே மரியாதையோடு கேட்டா. நான் படித்த வகுப்பில் விடை சரியென்றால் சரி போட்டு அடுத்த கணக்குத்தான்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. தவணை முடிந்ததும் போனில், "எத்தனையாம் பிள்ளைகா வந்தான்?" என்று கேட்டா. இங்கே ஆறாம் வகுப்பு வரை ஏ, பி என்று எழுத்துத்தான், இடம் போடுவதில்லை என்றேன். "அப்ப எப்பிடிகா தெரியும்?" என்றா.

ஊரிலும் 2020 மார்ச்சில், இங்கே பூட்டிய அதே கிழமையில்தான், பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அக்காவின் மகளுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வருடம். அவளுடைய டீச்சர் வாட்ஸ்அப்பில் டியூட், அதாவது பயிற்சித்தாள், அனுப்புவா. வீட்டில் இருந்த ஒரே போன் அத்தான் வேலை விட்டு வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். இரவு பத்து மணிக்கு அனுப்பின கொப்பியையும் அந்த டீச்சர் திருத்தி அனுப்பினா. லாப்டொப் தர ஆளில்லாத இடத்தில் அந்த மனுசி செய்தது பெரிய காரியம்.

ஒன்லைனில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், பகலில் பக்கத்தில் யார் இருப்பது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.