பால் கணக்குக்குப் பக்கத்தில்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் 1, 1½, 1, 1½ என்று எழுதியிருக்கும். மகளின் அசிட்ரோம் மாத்திரைக் கணக்கு அது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை.

பிறக்கும்போதே அவள் இதயத்தின் வலது கீழறை சரியாக வளரவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது முதல் ஆபரேஷன். நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அகலம் மூன்றரை மில்லிமீட்டர். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. அது அடைக்காமல் இருக்கத்தான் தினமும் ஆஸ்பிரின். "வாந்தி, பேதி என்றால் காத்திருக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்" என்று சர்ஜன் சொல்லி அனுப்பினார். ஐந்தாம் மாதம் அதே மாதிரி வாந்தி. பக்கத்து கிளினிக்கில் "விடியட்டும், பார்க்கலாம்" என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை. ராத்திரியே கார் பிடித்துப் போய் டிரிப்ஸ் ஏற்றினோம்.

நாலு வயதில் ஃபோன்டான் ஆபரேஷன். பிரான்சிஸ் ஃபோன்டான் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1971-இல் வெளியிட்ட முறை. இதற்கப்புறம் உடம்பின் கெட்ட ரத்தம் இதயம் தள்ளாமலே நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஓட்டம் மெதுவாகிவிடும். "தேங்கின தண்ணியில் பாசி பிடிக்கிற மாதிரி" என்று நர்ஸம்மா சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் இந்த அசிட்ரோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்தான் ஐ.என்.ஆர். அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவளுக்குச் சொன்ன அளவு. குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் ரத்தக்கசிவு.

ஒருமுறை 1.4-க்கு இறங்கிவிட்டது. விசாரித்தால், ஊரிலிருந்து வந்த அம்மா வாரம் முழுக்க பேத்திக்கு முருங்கைக்கீரை ஊட்டியிருக்கிறார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. பயந்துபோய்க் கீரையையே நிறுத்தினேன். அதற்கும் டாக்டரிடம் திட்டு. நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகக் கொடுங்கள் என்றார். இப்போது செவ்வாய், வெள்ளி மட்டும் ஒரு கரண்டி. அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், ப்ரூஃபென் கிடையாது. பல் பிடுங்கப் போனால் முதல் வார்த்தையே மாத்திரை பற்றித்தான்.

ஒன்பது வயதாகிவிட்டதால் டிக் அடிப்பது அவள் வேலை. போன வாரம் டிக் இருந்தது, மாத்திரை அட்டையிலேயே இருந்தது. கேட்டதற்கு, "முதல்ல டிக் அடிச்சிட்டேன், அப்புறம் மறந்துட்டேன்" என்கிறாள். இப்போது பேனா என் சட்டைப்பையில். விழுங்கிக் காட்டினால்தான் கைக்கு வரும்.