தவக்காலமும் தனித்திருக்கும் பெரியவர்களும்: அன்பியங்களுக்குச் சில வேலைகள்

கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், 2026இல் பிப்ரவரி 18. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அதிலிருந்து பத்தாம் நாள், ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் சமூகங்களில்) தவக்கால வேலைகளைத் திட்டமிடுகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தடைக்காலத்தில் வீட்டில் காசு சுருங்கும்போது முதலில் நிற்பது பெரியவர்களின் மாத்திரையும் பாலும்தான்.

பெரிய வியாழனன்று பெரியவர்களை வரிசையில் உட்கார வைத்து, சேலை வேட்டி கொடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். அந்தச் செலவில் பாதிகூட ஆகாத, ஆனால் கால் வலிக்கிற வேலை ஒன்று இருக்கிறது. அரசிடமிருந்தும் பெற்ற பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுக்குச் சேரவேண்டியதை வாங்கிக் கொடுப்பது. சாம்பல் புதனுக்கு இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமைப் பூசையில் விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். எது நோன்பு என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில் கிட்டத்தட்ட இதுதான்.

எங்கே தொடங்குவது? சாம்பலுக்குப் போன ஆண்டுக் குருத்தோலை வேண்டும். நம் பக்கம் பனங்குருத்து. மடித்த சிலுவையாக நிலைப்படிக்கு மேலோ மாதா படத்துக்குப் பின்னாலோ செருகியிருக்கும். கோயிலுக்கே கொண்டுவந்து கொடுங்கள் என்று அறிவிப்பதை விட்டுவிட்டு, அன்பியத்துக்கு (பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு குழுவுக்கு) இரண்டு பேராகப் போய் வாங்கி வந்தால் அந்தச் சாக்கில் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். உதவி கேட்கக் கூச்சப்படுகிற பெரியவர்கூட ஓலை வாங்க வந்தவர்களை உள்ளே கூப்பிடுவார்.

இருவரில் ஒருவர் உட்கார்ந்து பேசட்டும். மற்றவர் சுற்றிலும் பார்க்கட்டும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, யார் தூக்கி வருகிறார்கள்? தீவில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாயடிக்கோ லாரிக்கோதான் போக வேண்டும். நிறைந்த குடம் 12 கிலோவுக்குக் குறையாது. தனியாக இருக்கும் பாட்டிக்கு வாரம் நான்கு குடம் தூக்கிக் கொடுக்க ஒரு பையன் இருந்தால் அது ஒரு சேலையைவிடப் பெரிய உதவி. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் இரவில் அங்கே போகும் வழியில் விளக்கு எரிகிறதா, படியில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிய அந்த நாலு எட்டே போதும்.

பிறகு காகிதங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படிக்க வேண்டும். ஒன்றில் சவேரியம்மாள், இன்னொன்றில் சேவியரம்மாள் என்று இருக்கும். முதியோர் உதவித்தொகை மனு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பிறந்த தேதியை ஆதாரில் சாதாரணமாக ஒருமுறைதான் திருத்தலாம். அதனால் சரியான சான்று கையில் இல்லாமல் அவசரப்பட்டுத் திருத்தப் போகக்கூடாது. பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு உண்மையான வயதை நமக்குச் சொல்லும், ஆனால் ஆதார் மையத்தில் அவர்கள் பட்டியலில் உள்ள சான்றைத்தான் கேட்பார்கள். அடுத்து, ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் யாருடையது? கத்தாரில் இருக்கும் மகனுடைய எண் என்றால் ஓடிபி அங்கே போகும், இங்கே பாட்டி இ-சேவை மையத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய். மிச்சத்தை மாநில அரசு போடுகிறது. இ-சேவை மையத்தில் மனுவைப் பதிந்ததும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே படம் எடுத்துவிடுங்கள். கையில் கொடுத்தால் வெற்றிலைப் பையில் போய்க் கரைந்துவிடும். அதன்பின் வி.ஏ.ஓ. விசாரணை. அந்த நாளில் பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும், பக்கத்தில் அன்பியத்தார் ஒருவரும் இருக்க வேண்டும். “மகன்தான் இருக்கிறாரே” என்ற கேள்வி கட்டாயம் வரும். மகன் தனிக் குடும்பமா, எங்கே தொழிலுக்குப் போகிறார், பணம் அனுப்புகிறாரா என்பதைப் பெரியவர் தடுமாறாமல் சொல்லும்படி முதல்நாளே பேசிவைக்கலாம். பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள், விசாரணையில் அது நிற்காது. மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

தடைக்கால நிவாரணம் 5,000லிருந்து 8,000 ரூபாயாகும் என்று 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதல்வர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 60 வயதோடு ஆளைக் கழித்துவிடுகிறார்கள். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவருக்கு அதன்பின் உரிமையாக வருவது அந்த முதியோர் உதவித்தொகைதான். இதைப் பற்றி ஒரு பங்கு மட்டும் பேசினால் காதில் விழாது. மறைவட்டத்தில் (பக்கத்துப் பக்கத்துப் பங்குகளின் தொகுப்பில்) உள்ள பங்குகள் எல்லாம் சேர்ந்து, பெயர்ப்பட்டியலோடு மனு கொடுக்க வேண்டும்.

ரேஷனுக்கும் உதவித்தொகைக்கும் விரல் வைக்கும்போது வரும் கைரேகைச் சிக்கல் நம் கரையில் அதிகம். கயிறு இழுத்தவர்கள், பாறையிடுக்கில் துணி சுற்றிய விரலோடு பாசி பறித்த பெண்கள், நண்டும் இறாலும் உரித்தவர்கள்: இவர்களின் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருக்கும். எந்திரம் ஆளையே இல்லை என்று சொல்லிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, அதையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வைத்தால் சிலருக்கு விழும். வறண்ட விரல்தான் அதிகம் ஏமாற்றும். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டைவிரலோடு நிறுத்திவிடக் கூடாது. அதிலும் முடியவில்லையென்றால் கருவிழிப் பதிவு. ரேஷன் கடைகளிலும் அந்தக் கருவி வந்திருக்கிறது. கண்புரை முற்றியிருந்தால் அதுவும் தடுமாறும், ஆகவே கண் பரிசோதனையை முதலில் முடிப்பது நல்லது. உதவித்தொகையை வீட்டில் கொண்டுவந்து தருகிறவர் “செலவுக்கு” என்று எடுத்துக்கொண்டால் அதைக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எண்ணி வாங்கி, சீட்டும் வாங்க வேண்டும்.

ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் கொடுப்பது ஒன்று. 2025 ஆகஸ்டில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் இன்னொன்று. பொருள் வீட்டுக்கே வரும். ஊரில் இல்லாத பேரன் பெயர் அட்டையில் கிடந்தால் பட்டியலில் விடுபட வாய்ப்புண்டு, அதைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ஒருசந்திக்கு, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்புக்கு வருவோம். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைசாட்சி புனித அருளானந்தர் வெட்டுண்டது ஒரு சாம்பல் புதனில். அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்த பாட்டிமாரிடம் தவக்காலத்தில் சாப்பிடுங்கள் என்று சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் திருச்சபைச் சட்டத்தில் ஒருசந்தி 18 வயதில் தொடங்கி 59 முடிந்ததும் விடுபடுகிறது, கட்டாய நாளும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டே. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விலக்குவது, 14 வயதிலிருந்து. மீன் அதில் தடையில்லை. மீன்தான் அன்றாடச் சாப்பாடு என்கிற ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது நியாயமான கேள்வி, வெள்ளிக்கிழமை மீனையும் விடுகிற குடும்பங்கள் இங்கே உண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்புகூட முதியவருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது. இதைப் பங்குத்தந்தை பீடத்தில் நின்று பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டால் பாட்டிமார் கேட்பார்கள். மருமகள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

பயம் சர்க்கரைக்காரர்களைப் பற்றித்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல், பதினான்கு நிலைகளில் நின்று செபிக்கும் சிலுவைப்பாதைக்கு வந்தால் ஏழாம் எட்டாம் நிலைக்குள் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். அருள் வந்துவிட்டது என்று நிற்காதீர்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108. பெரிய வெள்ளி மூன்று மணி வழிபாட்டுக்குப் பத்து நாற்காலியைக் கோயிலின் காற்றோட்டமான பக்கத்தில் போட்டு, அவர்கள் மண்டியிட வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் மண்டியிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுவார்.

வீட்டில் நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்களின் பட்டியலைத் தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குச் சின்னத் துண்டும் ஒரு கரண்டித் தண்ணீரும் போதும். நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலை இன்னும் “அவஸ்தை” என்றே சொல்லி, சாமியாரைக் கூப்பிட்டால் உயிர் போய்விடும் என்று பயப்படுகிற வீடுகள் உண்டு. முதுமையால் தளர்ந்தவர் யாரும் பெறலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம்.

தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி பழைய வழக்கம், தூக்கிப்போட வேண்டாம். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். 30 வீடு, 40 நாள் என்றால் 48 கிலோ. தனியாக இருக்கும் ஒருவருக்கு மாதம் 6 கிலோ என்று வைத்தால் எட்டுப் பேருக்கு ஒரு மாதம் ஓடும். கெடுவது இரண்டு இடத்தில். ரேஷன் புழுங்கலும் பொன்னியும் பச்சரிசியும் ஒரே டிரம்மில் விழுந்தால் ஒன்று குழையும், ஒன்று விதையாக நிற்கும். இரண்டு டிரம் வையுங்கள், பச்சரிசியும் கலப்பும் மாவுக்கும் கஞ்சிக்கும் போகட்டும். கடற்கரை ஈரத்தில் வண்டு சீக்கிரம் விழும், வாரம் ஒருமுறை வெயிலில் காட்டி ஆறியபின் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். யாருக்குப் போகிறது என்பது இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. வின்சென்ட் தே பவுல் சபையார் 1833இலிருந்து இருவர் இருவராகப் போவதும் பெயரை வெளியில் விடாததும் சும்மா இல்லை.

பிள்ளைகள் கைவிட்ட வழக்குகளைப் பஞ்சாயத்திலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். சிலசமயம் முடியும். முடியாவிட்டால் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு கோட்டங்கள். 90 நாளில் முடிக்க வேண்டும், மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம். வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதுகிறவர்கள் “கடைசிவரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 23ஆம் பிரிவின்படி அதை ரத்துசெய்யக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். வாய்வார்த்தையாக அறிவுரை கேட்க முதியோர் உதவி எண் 14567.

பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது 2016க்குப் பிறகு பெண்களையும் சேர்க்கலாம், பாசி எடுத்த பாட்டிமார் இருவராவது இருக்கட்டும். சர்க்கரைக்காரர் பாதத்தில் புண் இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடு தெரியாது. விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

மனுக்கள் புனித வாரத்துக்குள் பதிவாகிவிட்டால் தடைக்காலம் அலைவதற்கு வசதி. விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள், பைக்கும் இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு, ஆதார் மையத்துக்கு, கண் ஆஸ்பத்திரிக்குப் பெரியவரைக் கூட்டிப்போக அன்பியத்துக்கு இருவர் என்று பெயர் போட்டு, மே மாத முடிவுக்குள் முடிக்கப் பாருங்கள். ஜூன் பிறந்துவிட்டால் இன்ஜினும் வலையும் அவர்களை இழுத்துக்கொள்ளும்.