110 எம்எம் பைப்புல குர்சுரா: டப்புல விட்டுப் பாத்தாச்சு

வைசாக் ஆர்கே பீச்ல நிறுத்தி வச்சிருக்காங்களே ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி, அதுக்குள்ள ஒரு தடவ நடந்து போய்ட்டு வந்ததுலேந்தே அத ரிமோட்ல முழுகி எழுந்திருக்கற சின்ன மாடலா நம்ம கையால செய்யணும்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. சோவியத்ல கட்டின ஃபாக்ஸ்ட்ராட் வகை, 1969ல நேவில சேந்தது, 91.3 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், பின்னாடி மூணு ப்ரொப்பெல்லர். தண்டையார்பேட்டைல ஹார்ட்வேர் கடைக்குப் போனா நாலு இன்ச் பிவிசி பைப் 110 எம்எம்ல கெடைக்குது, அந்த அகலத்த வச்சே ஸ்கேல முடிவு பண்ணிட்டேன், 1:68, நீளம் 134 செமீ வருது.

மொதல்ல பைப்பு மொத்தத்தயும் சீல் பண்ணலாம்னுதான் இருந்தேன். ஆனா நெசமான போட் மேல மிதக்கும்போது சுமார் 1950 டன், முழுகினா 2475, அந்த வித்தியாசத்த ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி 68 x 68 x 68ஆல வகுத்தா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி உள்ள இழுக்கணும், அதுக்கு இடமே இல்ல. அதனால வெளி பைப்புல ஓட்ட போட்டு தண்ணிய தாராளமா உள்ள வர விட்டுட்டு, மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாத்தயும் உள்ள ஒரு 75 எம்எம் குழாய்ல அடச்சு அத அடியோட ஒட்டி வச்சேன். இப்போ அர லிட்டர் போதும். அத இழுத்து வெளிய தள்ற டேங்க், ஊசி சிரிஞ்ச் மாதிரி பிஸ்டன் வச்ச ஒரு அக்ரிலிக் ட்யூப், உள்வட்டம் 50 எம்எம், பிஸ்டன் ஓட்டம் 25 செமீ, ஏறக்குறைய 490 மில்லி. பிஸ்டன் வகைல ஒரு பெரிய நிம்மதி, பாதி ரொம்பினாலும் தண்ணி முன்னும் பின்னும் அலம்பாது.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியா தண்ணி ஏறாம இருக்க வழி சொல்லிக் குடுத்தது காசிமேட்ல போட் இன்ஜின் பாக்கற அண்ணன். "தம்பி, குழாய் ஃபுல்லா கிரீஸ் அடச்சிடு, தண்ணிக்கு எடமே குடுக்காத"ன்னாரு, இன்னிவரைக்கும் ஒரு சொட்டு வரல. வலைக்குக் கட்டற ஈயத்தயும் அவர்தான் ஒரு கிலோ குடுத்தாரு.

கடல் பத்து நிமிஷத்துல இருக்கு, ஆனா அங்க விட முடியாது, உப்புத் தண்ணி ரேடியோ சிக்னல முழுங்கிடும். நல்ல தண்ணிலயே 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஆழம் போனாலே செத்துடுது, அதான் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட் ஒண்ணு தேடி வாங்கினேன். எங்க போர் தண்ணியும் உப்பு, அதனால மீன் போடற பெரிய ஃபைபர் டப்ப கழுவி மொட்டமாடி மழத்தண்ணிய பைப் போட்டு இறக்கி ரொப்பினேன்.

மொத தடவ தண்ணி இழுத்ததுமே மூக்கு குத்தி தரைல இடிச்சுது. பின்னாடி ஈயம் சேத்தேன், இப்போ முழுகினா மட்டமா நிக்குது, ஆனா மேல வந்தா வால் தொங்குது. ரெண்டு நாள் ஈயத்த அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி வச்சதுக்கு அப்புறம்தான் பொறி தட்டுச்சு: ஈயம் எப்பவும் அதே கனம், டேங்க் கனம்தான் மாறுது, அந்த டேங்க் முன்னாடி தள்ளி இருக்கு. எல்லாத்தயும் பிரிச்சு டேங்க நட்டநடுவுல கொண்டு வந்து பேட்டரிய முன்னாடி தள்ளினேன்.

நேத்து சாயங்காலம் பிஸ்டன இழுத்தேன், டெக் முழுகுச்சு, கோபுரம் மெதுவா இறங்குச்சு, பெரிஸ்கோப் மட்டும் ரெண்டு விரக்கட வெளிய, அப்டியே மட்டமா நின்னுச்சு. பக்கத்து வீட்டுப் பசங்க மூச்சு விடாம பாத்துட்டு இருந்தாங்க, நானும்தான்.

அடுத்து பிஸ்டன் போற ரெண்டு எண்டுலயும் லிமிட் ஸ்விட்ச் வைக்கணும், முட்டினதும் தானா நிக்கறதுக்கு, அப்புறம் டைவ் ப்ளேன் சர்வோ, மூக்க ஏத்தி இறக்கற துடுப்ப திருப்பற குட்டி மோட்டார்.