இருமுறை திரும்பிய காற்று: கடற்பனி மாதிரியோடு இரண்டு மாதம்

இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணிக் கடற்பனி மாதிரியில் கைவைத்த நான், இரண்டு மாதம் கழித்துத்தான் கரையேறினேன். கடற்பனி உறைவதையும் உருகுவதையும் நகர்வதையும் கணக்கிடும் கணினி நிரலான சைஸ் (CICE) மாதிரியை நிறுவி இயக்குவதில் சிக்கல் எதுவும் இல்லை. வினை அதற்கு நான் உள்ளிட்ட காற்றுத் தரவில் இருந்தது.

ஆர்க்டிக் கடலுக்கான 20 ஆண்டு ஓட்டம் முடிந்ததும் மார்ச் மாதப் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டேன். விளிம்பு ஏறக்குறைய பொருந்தியது. அந்த மகிழ்ச்சிதான் என்னை ஏமாற்றியது. குளிர்காலத்தில் பனி எதுவரை பரவும் என்பதைப் பெரும்பாலும் காற்றின் குளிரும் கடல்நீரின் வெப்பமுமே முடிவு செய்வதால், பனியின் நகர்வு முழுவதும் பிழையாக இருந்தாலும் பரப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. தடிமன் வரைபடத்தைத் திறந்தபோதுதான் திகைத்தேன்: கிரீன்லாந்தின் வடகரையிலும் கனடியத் தீவுக்கூட்டத்தின் ஓரத்திலும் குவிய வேண்டிய தடித்த பனி, சைபீரியப் பக்கம் குவிந்து கிடந்தது.

தரவு வழங்கிய மையத்துக்கு எழுதினேன். பத்து நாள் கழித்து வந்த விடை, கையேட்டைப் பார்க்கவும் என்ற ஒற்றை வரி. பனி எவ்வளவு நெருக்குதலைத் தாங்கும் என்று கணக்கிட, 1979இல் ஆய்வாளர் ஹிப்லர் முன்வைத்த பனி வலிமைச் சமன்பாட்டின் மாறிலிகளைக் கூட்டியும் குறைத்தும் மேலும் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

கடைசியில் கைகொடுத்தவர் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென். 1893இல் ஃப்ராம் கப்பலைப் பனியில் சிக்கவைத்து அதனோடு மிதந்த அவர், காற்றின் வேகத்தில் சுமார் 2 விழுக்காட்டில், காற்றுத் திசைக்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாகப் பனி நகர்வதைக் கண்டார். என் மாதிரியின் ஒரு நாள் காற்றையும் பனி நகர்வையும் அருகருகே வரைந்தேன்: வேகம் சரியாக இருந்தது, கோணமோ இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறியது. மாதிரி கடலைப் பகுத்துக் கணக்கிடும் கட்டத்தின் வடதுருவம், உண்மையான துருவத்திலிருந்து கிரீன்லாந்தின் மேல் நகர்த்தப்பட்டிருப்பதால், காற்றின் கிழக்கு, வடக்குக் கூறுகளைக் கட்டத்தின் அச்சுகளுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். மாதிரியின் நிரலே அதைச் செய்யும் என்று அறியாமல், நானும் முன்கூட்டியே அவற்றின் திசையைத் திருப்பி உள்ளிட்டிருந்தேன்; காற்று இருமுறை திரும்பிவிட்டது.

நீக்கியது ஒரே வரி. ஆனால் தடித்த பனி பல ஆண்டுகள் நீடிப்பதால், பழைய கோப்பிலிருந்து தொடர வழியின்றி 20 ஆண்டையும் முதலிலிருந்து ஓட்டினேன். ஒப்பிட முனைவோர் இதையும் கவனிக்க வேண்டும்: செயற்கைக்கோள் நகர்வுத் தரவுகள் சிலவற்றில் கூறுகள் கிழக்கு, வடக்கைக் குறிப்பதில்லை, அந்த வரைபடத்தின் அச்சுகளையே குறிக்கின்றன. திசையால் அவ்வளவு பட்ட பிறகும் நான் அங்கே அரைநாள் தடுமாறினேன். நேற்று இரவு வந்த வரைபடத்தில், பனி சைபீரியக் கரையை விட்டு விலகி, துருவத்தைக் கடந்து, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலான ஃப்ராம் நீரிணை வழியே ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தது.