பவர்பாயிண்ட் கோப்பின் வயிற்றில் இருந்த படங்கள்

அப்பாவின் மணிவிழாவுக்காக நானும் தங்கையும் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஒரு பவர்பாயிண்ட் படக்காட்சி தயாரித்திருந்தோம். ஸ்கேன்களை வைத்திருந்த ஹார்டு டிஸ்க் பிறகு பழுதாகிவிட்டது. ஆல்பங்களில் சில உறவினர் வீடுகளுக்குத் திரும்பிப் போயின, சில கரையானுக்குப் போயின. சென்ற மாதம் அத்தை, தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரும்படி கேட்டபோது, என் கையில் இருந்தது அந்தப் படக்காட்சிக் கோப்பு ஒன்றுதான்.

முதலில், எல்லோரும் செய்வதைப் போலவே, படத்தின் மீது ரைட் கிளிக் செய்து படமாகச் சேமித்தேன். ஸ்லைடில் நாங்கள் கத்தரித்து வைத்திருந்த வடிவிலேயே, அச்சுக்கு உதவாத அளவில் ஒரு சிறு படம் கிடைத்தது. நாற்பது படங்களையும் இப்படி ஒவ்வொன்றாக எடுக்கும் பொறுமையும் எனக்கு இல்லை.

ஆபீஸ் 2007 முதல் வழக்கிலுள்ள பவர்பாயிண்ட் கோப்பு வகையான பிபிடிஎக்ஸ் (.pptx), உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு சிப் (.zip) பொட்டலமே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியின் பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்பதை அழித்துவிட்டு சிப் என்று மாற்றினால், விண்டோஸ் அதனைச் சாதாரணக் கோப்புறையைப் போலத் திறந்து காட்டுகிறது. கடைசிப் பகுதி கண்ணுக்கே தெரியவில்லை என்றால், நீட்டிப்புகளைக் காட்டும்படி விண்டோஸிடம் முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மாறியதைப் போலத் தோன்றுமே தவிர, கோப்பின் வகை மாறியிருக்காது. சிப் பொட்டலங்களைப் பிரிக்கும் செவன்சிப் (7-Zip) மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் மாற்றும் வேலையும் இல்லை. உள்ளே பிபிடி என்ற கோப்புறையும், அதனுள் மீடியா என்ற கோப்புறையும் இருக்கின்றன. படங்கள் அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. வேர்டு, எக்செல் கோப்புகளின் அமைப்பும் ஏறக்குறைய இதேதான்.

கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பும், 2007க்கு முந்தைய பிபிடி வகைக் கோப்பும் இப்படித் திறக்கா. முன்னதன் கடவுச்சொல்லை நீக்கிவிட்டும், பின்னதைப் பவர்பாயிண்டிலோ இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸிலோ புதிய வகையாகச் சேமித்துக்கொண்டும் தொடரலாம்.

மீடியா கோப்புறையில் நாங்கள் இட்ட பெயர்கள் எவையும் இல்லை. இமேஜ்1, இமேஜ்2 என்று வரிசை எண்களே இருந்தன. ஒரே படத்தை மூன்று ஸ்லைடுகளில் வைத்திருந்தாலும் உள்ளே ஒரு பிரதிதான் இருக்கும் என்பதால், ஸ்லைடுகளில் எண்ணிய கணக்கும் இதுவும் ஒத்துப்போகவில்லை. எந்தப் படம் எந்த ஸ்லைடுக்கு உரியது என்ற விவரம், ஸ்லைடுகள் இருக்கும் கோப்புறைக்குள் ரெல்ஸ் (_rels) என்னும் உட்கோப்புறையில், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒன்றாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, நோட்பேடிலேயே படித்துவிடலாம்.

படங்கள் ஸ்கேன் செய்த அளவிலேயே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். சேமிக்கும்போது படங்களைச் சுருக்கிவிடும் வழக்கம் பவர்பாயிண்டுக்கு உண்டு. பல பதிப்புகளில் அந்த வரம்பு அங்குலத்துக்கு 220 பிக்சல். ஸ்லைடில் ஆறு அங்குல அகலத்தில் வைத்த படத்துக்கு 1320 பிக்சல்தான் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 என்ற தரத்தில் அச்சிட்டால் 4.4 அங்குலம். அத்தைக்காக 150 போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அமைப்புகளில், மேம்பட்டவை என்ற பகுதியில், படங்களைச் சுருக்க வேண்டாம் என்று குறித்துவிட்டுத் தொடங்கியிருந்தால் இந்தச் சமாதானம் தேவைப்பட்டிருக்காது.

ஆனால், கத்தரிப்பு விஷயத்தில் பவர்பாயிண்ட் எனக்கு நல்லதே செய்திருந்தது. நாம் கத்தரிக்கும் பகுதியை அது வெட்டி எறிவதில்லை, மறைத்து வைக்கிறது. அழகுக்காக நாங்கள் ஒதுக்கிய வெள்ளை விளிம்பு மீடியா கோப்புறையில் அப்படியே இருந்தது. அதில் தாத்தாவின் கையெழுத்தில் "தை 1958" என்று மசியால் எழுதியிருந்தது. அந்தப் படம் அப்பா பிறப்பதற்கு முன் எடுத்தது என்று அத்தை இத்தனை காலமும் சாதித்துவந்தார். அப்பா பிறந்ததோ 1957இல். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனார்கள் என்பது இப்போது வீட்டில் புதிய விவாதம்.

விளிம்புக்குப் பதிலாக ஓர் ஆதார் அட்டையின் எண்ணைக் கத்தரித்து மறைத்திருந்தால், கோப்பைப் பெறுகிற எவரும் அதனையும் இப்படியே எடுத்திருக்க முடியும். வெளியே அனுப்பும் பிரதியில், படங்களைச் சுருக்கும் கட்டளையில் உள்ள "கத்தரித்த பகுதிகளை நீக்கு" என்பதைத் தேர்ந்து, பிறகு சேமிக்க வேண்டும்.

தங்கை கட்டங்களும் கோடுகளும் போட்டு வரைந்த வம்சாவளி மட்டும் மீடியாவில் அகப்படவில்லை. பவர்பாயிண்டிலேயே வரைந்த வடிவங்கள் படக்கோப்புகளாக அல்ல, வரைவதற்கான குறிப்புகளாகவே ஸ்லைடுக்குள் பதிவாகின்றன. அந்த ஒரு ஸ்லைடை மட்டும் பிடிஎஃப் ஆக்கி, தாத்தா பாட்டியின் படத்தோடு அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.