ரோஜா நிறமும் நீலமும்

இன்று பிளஸ் ஒன் வகுப்புக்கு கோபால்ட் குளோரைடு கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து எடுத்துப்போனேன். சோதனைக் குழாயில் ஊதா நிறம். வெந்நீரில் இறக்கியதும் நல்ல நீலமானது. அப்புறம் ஐஸ் தண்ணீரில் வைத்தேன். அடியிலிருந்து மெதுவாக ரோஜா நிறம் ஏறியது. "இன்னொரு தடவை சார்!" நான்கு தடவை செய்தோம்.

கோபால்ட் அயனியைச் சுற்றி 6 நீர் மூலக்கூறுகள் இருந்தால் ரோஜா நிறம். அவற்றை விலக்கி 4 குளோரைடுகள் வந்து உட்கார்ந்தால் நீலம். இப்படி உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ ஒட்டி நிற்பதுதான் அணைவுச் சேர்மம். அதுவும் சமநிலையும் ஒரே குழாயில்!

சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். நிற்பதே இல்லை; இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடு அதை நீலத்தின் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

செய்து காட்ட நினைக்கும் ஆசிரியர்களே, கோபால்ட் உப்பு நச்சு. கையுறை அவசியம், மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.